பள்ளியில் திணறும் பிள்ளையை வீட்டுக் கல்விக்கு மாற்றுவது எப்படி: அமெரிக்காவில் வாழும் கத்தோலிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

ஒன்றாம் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளைக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் வயிறு வலிப்பதும், சனிக்கிழமை அந்த வலி இருந்த இடம் தெரியாமல் போவதும், புத்தகத்தைத் திறந்தாலே கண் கலங்குவதும் பல வீடுகளில் நடக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்து, நம் விசுவாசத்தோடு சேர்த்து வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்விக்குச் சட்டம் இடம் தருகிறது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்றே பாடத்திட்டம் அனுப்பும் நிறுவனங்களும் பல ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. ஆகவே பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுப்பது எளிது. ஆனால் அது ஏன் திணறுகிறது என்று தெரியாமல் எடுத்தால், வகுப்பறையில் சிந்திய கண்ணீர் சாப்பாட்டு மேசையிலும் சிந்தும். மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

எடுப்பதற்கு முன்பு காரணத்தைத் தேடுங்கள்

முதலில் குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். பள்ளியில் செய்யும் கண் சோதனை பெரும்பாலும் தூரத்துப் பார்வையை மட்டுமே அளக்கிறது. புத்தகம் இருக்கும் தூரத்தில் எழுத்துகள் மங்குவதையோ, இரண்டு கண்களும் ஒருங்கிணையாமல் இருப்பதையோ அது கண்டுபிடிக்காமல் போகக்கூடும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தங்கி, ஆசிரியர் சொல்வது பாதிதான் கேட்கும். இரவில் குறட்டை விட்டு, வாயால் மூச்சு விட்டுத் தூங்கும் குழந்தை பகலில் கவனமில்லாத குழந்தையாகத் தெரியும். இவை எல்லாம் பள்ளியை மாற்றுவதால் தீர்பவை அல்ல.

உடல்நலத்தில் குறை இல்லையென்றால் டிஸ்லெக்சியா (எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிப்பதில் வரும் குறை), கவனக்குறைபாடு, எழுதும் விரல்களின் பலவீனம், பயம், சக மாணவர்களின் கேலி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இங்கே பல பெற்றோருக்குத் தெரியாத ஓர் உரிமை இருக்கிறது. உடற்குறையோ கற்றல் குறையோ உள்ள பிள்ளைகளின் கல்விக்கான கூட்டரசுச் சட்டம் ஒன்று உண்டு, 'ஐடியா' என்பார்கள். அதன்படி, பிள்ளைக்குக் கற்றல் குறை இருக்கலாம் என்று சந்தேகித்து நீங்கள் கேட்டால், அரசுப் பள்ளி மாவட்டம் கட்டணம் வாங்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள், அல்லது மாநிலம் தனியாக விதித்துள்ள கெடுவுக்குள், அந்தச் சோதனை முடிய வேண்டும். பிள்ளை கத்தோலிக்கப் பள்ளியில் படித்தாலும் இந்த உரிமை உண்டு. அப்போது அந்தப் பள்ளி அமைந்திருக்கும் பகுதியின் அரசுப் பள்ளி மாவட்டத்திடம் கேட்க வேண்டும். வாய்ச்சொல்லாகக் கேட்காதீர்கள். தேதியிட்ட கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேளுங்கள். முடிந்தால் பிள்ளையை எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். எடுத்த பிறகும் கேட்கலாம் என்றாலும், அதன்பின் பேச்சுப் பயிற்சி போன்ற உதவிகள் கிடைப்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும்.

தமிழ் வீடுகளுக்கு மட்டும் இன்னொரு செய்தி. "வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள், இரண்டு மொழிகள் குழந்தையைக் குழப்புகின்றன" என்று யாராவது அறிவுரை சொன்னால் அதைக் கேட்க வேண்டியதில்லை. இரு மொழி பேசுவதால் வாசிப்புக் குறை வருவதில்லை என்பதே பேச்சு, மொழி வல்லுநர்களின் நிலைப்பாடு. தாய்மொழியில் கதை கேட்டு வளர்ந்த சொல்வளம் ஆங்கில வாசிப்புக்கும் துணை நிற்கும். ஆனால் சோதனை செய்பவரிடம் வீட்டு மொழி தமிழ் என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஆங்கிலச் சொல் தெரியாததைப் புரிதல் குறைவு என்று அவர் குறித்துவிடக் கூடாது.

காரணம் ஓர் ஆசிரியரோ ஒரு முரட்டுப் பையனோ என்று தெரிந்தால், வகுப்பை மாற்றுவதே போதுமானதாக இருக்கலாம். வீட்டுக் கல்வி பெரிய மருந்து. சிறிய நோய்க்கு அதை எடுக்க வேண்டியதில்லை.

சட்டப்படி விலகுதல்

செய்யக் கூடாதது ஒன்று: ஒரு திங்கட்கிழமை சும்மா அனுப்பாமல் நிறுத்திவிடுவது. பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும்வரை, வராத ஒவ்வொரு நாளும் காரணமில்லா விடுப்பாகக் கணக்கில் ஏறும். எந்த மாநிலமானாலும், இன்ன தேதியிலிருந்து பிள்ளை வீட்டில் கல்வி பெறும் என்று எழுதிய விலகல் கடிதத்தைக் கொடுத்து, அது கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். கத்தோலிக்கப் பள்ளியாக இருந்தால் சேர்க்கை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நடுவில் விலகினாலும் முழு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற விதி அதில் இருக்கக்கூடும்.

மாநிலங்களின் விதிகளுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. டெக்சஸில் அரசிடம் பதிவு செய்ய வேண்டியதில்லை. வாசிப்பு, சொல்லெழுத்து, இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப் பண்பு என்னும் ஐந்தையும் எழுத்து வடிவப் பாடத்திட்டத்தைக் கொண்டு உண்மையாகவே கற்பித்தால் போதும் என்ற நிலையை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் உறுதிசெய்தது. நியூ ஜெர்சியிலும் அறிவிப்பு கட்டாயமில்லை. ஆனால் பள்ளிக் கல்விக்கு ஈடான கல்வி நடக்க வேண்டும். கலிபோர்னியாவில் பலர் தங்கள் வீட்டையே ஒரு தனியார் பள்ளியாக அறிவித்து, ஆண்டுதோறும் அக்டோபர் 1 முதல் 15-க்குள் உறுதிமொழிப் படிவம் தாக்கல் செய்கிறார்கள்.

நியூயார்க்கும் பென்சில்வேனியாவும் கண்டிப்பானவை. நியூயார்க்கில் ஆண்டின் நடுவில் தொடங்கினால் 14 நாட்களுக்குள் அறிவிப்பும், அதன்பின் தனிக் கற்பித்தல் திட்டமும், ஆண்டுக்கு நான்கு காலாண்டு அறிக்கைகளும் கொடுக்க வேண்டும். முதல் ஆறு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 900 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். பென்சில்வேனியாவில் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் அல்லது அதற்கு ஈடான எழுத்துறுதி, பாடத்திட்டக் குறிப்பு, தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைத் தொடங்குவதற்கு முன்பே தர வேண்டும். கற்பிக்கும் பெற்றோர் பள்ளி இறுதிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். ஆண்டு முடிவில் தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையின் வேலைகளைப் பார்த்துச் சான்று தர வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுவதால், உங்கள் மாநிலக் கல்வித் துறையின் அறிவிப்பை அந்த வாரமே படித்துவிட்டு நடந்துகொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள்

திங்கட்கிழமை பள்ளியை விட்டு, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சமையலறையில் கரும்பலகை மாட்டுவது பலரும் செய்யும் காரியம். அதைத் தவிர்க்க வேண்டும். தன்னால் முடியாது என்று ஓராண்டாக நம்பப் பழகிய பிள்ளைக்கு முதலில் ஓய்வு வேண்டும். பள்ளியில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் ஓய்வு என்று வீட்டுக் கல்வியாளர்கள் பொதுவாகச் சொல்வதுண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்கள் போதும் என்பது என் கருத்து. ஓய்வு என்றால் திரையின் முன் உட்கார வைப்பதல்ல. நேரத்துக்குத் தூக்கம், வெளியில் ஓட்டம், கையால் செய்யும் வேலை, நாளுக்கு ஒரு மணி நேரம் நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுவது ஆகியவை வேண்டும். உடற்பயிற்சி, இசை, ஓவியம் ஆகியவை மணிக்கணக்குக் கேட்கும் மாநிலங்களிலும் பாடங்களே என்பதால், இந்த வாரங்களையும் நாட்குறிப்பில் எழுதி வையுங்கள்.

இந்த நாட்களில் நிலைநிறுத்த வேண்டியது செபத்தின் ஒழுங்கு மட்டுமே. காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம் வரைந்து ஒரு சிறு செபம், நண்பகலில் மூவேளைச் செபம், இரவில் குடும்பச் செபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி. முழுச் செபமாலையும் வேண்டும் என்று ஆறு வயதுப் பிள்ளையை முழங்காலில் நிறுத்தி அதட்டினால், ஏற்கெனவே தோற்றுப்போன பாடங்களின் பட்டியலில் செபமும் சேர்ந்துவிடும்.

வாசிப்பும் கணக்கும்

ஓய்வுக்குப் பின் பாடம் தொடங்கும்போது, ஆறு, ஏழு வயதுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேர முறையான பாடம் தாராளம். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் வரிசையில் நிற்கவும், அமைதிப்படுத்தவும், காத்திருக்கவும் செலவாகும் நேரம் வீட்டில் இல்லை. ஒவ்வொரு பாடமும் பத்து அல்லது பதினைந்து நிமிடங்களைத் தாண்டக் கூடாது; பிள்ளை சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், அழுகை வரும்வரை இழுக்கக் கூடாது.

திணறும் பிள்ளைகளில் பலருக்கு வாசிப்பே முட்டுக்கட்டை. வகுப்பு எண்ணை மறந்துவிட்டு, பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்தின் ஒலியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தால் அங்கிருந்தே தொடங்குவதில் வெட்கம் இல்லை. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் முறையை விட்டுவிட்டு, ஒலியையும் எழுத்தையும் வரிசையாக, ஒன்றன் மேல் ஒன்றாகக் கற்பிக்கும் ஒலிமுறைப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்லெக்சியா உறுதியானால், அதற்கான பயிற்சி பெற்ற ஆசிரியர் வாரத்தில் இரண்டு மூன்று முறை தேவைப்படலாம்; பாடத்திட்டத்துக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை அங்கே செலவழிப்பது நல்லது. வாசிக்கத் தெரியாததால் பிள்ளையின் அறிவு பட்டினி கிடக்கக் கூடாது. வரலாறு, அறிவியல், விவிலியக் கதைகள் எல்லாவற்றையும் நீங்கள் வாசியுங்கள். பிள்ளை வாயால் திருப்பிச் சொல்லட்டும். அது சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பயிற்சி தனியாக, நாளுக்கு இரண்டு வரி.

தமிழ் எழுத்துகளையும் இப்போதே தொடங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கில ஒலிமுறை ஓரளவு நிலைக்கும்வரை காத்திருப்பது பொதுவாக நல்லது. ஆனாலும், நான்கு எழுத்துகள் சேர்ந்து சொல்லுக்கொரு ஒலி தரும் ஆங்கிலத்தில் நம்பிக்கை இழந்த சில பிள்ளைகள், எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் பொருந்தி நிற்கும் தமிழில் தட்டுத்தடுமாறாமல் படித்து நிமிர்ந்து உட்காருவதும் உண்டு. உங்கள் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கணக்குக்குப் பயிற்சித்தாள் இப்போது வேண்டாம். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவதும், பல்லாங்குழி ஆடுவதும், இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் அளப்பதும் கூட்டல், கழித்தல், பங்கு பிரித்தல் எல்லாவற்றுக்கும் போதுமானவை. கைக்குப் புரிந்த பிறகு எண்ணைத் தாளில் எழுதச் சொல்லலாம்.

பாடத்திட்டம் வாங்குவது

வர்ஜீனியாவின் ஃபிரண்ட் ராயலில் இயங்கும் சீட்டன் வீட்டுக் கல்விப் பள்ளி நன்கு அறியப்பட்டது. எல்லாப் பாடங்களிலும் கத்தோலிக்கச் சாயல் கொண்ட பாடநூல்களும் பயிற்சி நூல்களும், மதிப்பெண், சான்றிதழ் என்ற ஒழுங்கும் அங்கே உண்டு. அமெரிக்க மண்ணில் பிறந்தோரில் முதலில் புனிதரான எலிசபெத் ஆன் சீட்டனின் பெயரைத் தாங்கியது அது. அந்தப் புனிதை மேரிலாந்தில் பெண் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியவர். பள்ளி நடத்தியவரின் பெயரில் வீட்டுக் கல்வி நடப்பது ஒரு வேடிக்கைதான். கலிபோர்னியாவில் தொடங்கிய கோல்பே அகாடமியும், மதர் ஆஃப் டிவைன் கிரேஸ் பள்ளியும் தொன்மையான இலக்கியம், தருக்கம் சார்ந்த வழியைப் பின்பற்றுகின்றன. கத்தோலிக் ஹெரிடேஜ் கரிக்குலா சிறு வயதினருக்கு மென்மையான பாடங்களைத் தருகிறது.

எழுத்து வேலை மிகுந்த திட்டம் ஒழுங்கை விரும்பும் பெற்றோருக்கு ஆறுதல் தரும்; எழுதவே அஞ்சும் பிள்ளைக்கோ அது விட்டு வந்த பள்ளியைத் திரும்பக் கொண்டுவரும். முதல் ஆண்டில் முழுப் பெட்டியையும் வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ஒலிமுறை வாசிப்புக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, விவிலியக் கதை நூல் ஒன்று, நூலக அட்டை ஒன்று. மிச்சத்தை ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம்.

விசுவாசமும் புதுநன்மையும்

கத்தோலிக்கர் தங்கள் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்குத்தானே அனுப்ப வேண்டும் என்று பங்கில் யாராவது கேட்கக்கூடும். பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை சொல்கிறது. கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று கூறும் திருச்சபைச் சட்டம் 798, அது இயலாதபோது பள்ளிக்கு வெளியே தக்க கத்தோலிக்கக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்றும் அடுத்தே சொல்கிறது.

நம் வீடுகளில் சிறுமலர் என்று போற்றப்படும் லிசியூ நகரப் புனித தெரேசா இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறார். சிறு வயதில் அக்கா போலினிடம் வீட்டில் படித்த அவர், 1881-இல் லிசியூவின் பெனடிக்ட் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். படிப்பில் அவர் கெட்டி. ஆனால் சக மாணவியரின் பொறாமையும் தொல்லையும் அவரை வாட்டின. அந்த ஐந்து ஆண்டுகளே தம் வாழ்வின் மிகத் துயரமான காலம் என்று பின்னாளில் எழுதினார். 1886-இல் அவருடைய தந்தை அவரைப் பள்ளியிலிருந்து எடுத்து, ஓர் ஆசிரியையிடம் தனிப்பாடம் படிக்க ஏற்பாடு செய்தார். 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. ஊரிலிருந்து தொலைபேசியில் கவலைப்படும் தாத்தா பாட்டிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அதே தாத்தா பாட்டியை ஆசிரியராகவும் ஆக்கிக்கொள்ளலாம். அவர்கள் சிறு வயதில் மனப்பாடம் செய்த ஞானோபதேசக் கேள்வி பதிலை வாரம் இருமுறை காணொளி அழைப்பில் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். வாய்வழியே நடக்கும் இந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேவையில்லை என்பதால், வாசிக்கத் திணறும் பிள்ளை இதில் முந்திக்கொள்ளும். உங்கள் பங்கிலோ அருகிலோ நல்லாயன் மறைக்கல்வி முறை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். சோஃபியா கவலெட்டி, ஜன்னா கோப்பி ஆகியோர் 1954-இல் ரோமில் தொடங்கிய, மாண்டிசோரி வழியிலான முறை அது. பீடத்தின் சிறு மாதிரிகளையும் உவமைகளின் மர உருவங்களையும் கையால் தொட்டுக் கற்கும் பிள்ளைகளுக்கு அது பொருத்தமானது.

திருவழிபாட்டு ஆண்டையே பாட அட்டவணையாகக் கொள்வது இன்னொரு வசதி. திருவருகைக் காலத்தில் வாரம் ஒரு மெழுகுதிரி ஏற்றுவது எண்ணும் பாடம், அன்றன்றைய வாசிப்பும் பாடலும் மொழிப் பாடம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில் வரைபடத்தில் நாகப்பட்டினத்தைத் தேடலாம். வாஷிங்டனுக்கு அருகில் இருப்பவர்கள் அமல உற்பவ அன்னை தேசியத் திருத்தலத்தில் உள்ள ஆரோக்கிய அன்னையின் சிற்றாலயத்துக்கே அழைத்துச் செல்லலாம்.

புதுநன்மை வயதில் பிள்ளை இருந்தால் பங்குத்தந்தையை முன்கூட்டியே சந்தியுங்கள். பல மறைமாவட்டங்கள் பங்கு மறைக்கல்வி வகுப்பில் குறிப்பிட்ட காலம் கலந்துகொள்ளச் சொல்கின்றன. வீட்டில் தயாரிப்பதாக இருந்தால் அவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். பத்தாம் பயஸ் திருத்தந்தை 1910-இல் ஏறக்குறைய ஏழு வயதையே இதற்குரிய வயதாகக் குறித்தார். திருச்சபைச் சட்டம் 913 கேட்பது, பிள்ளை தன் ஆற்றலுக்கேற்பக் கிறிஸ்துவின் மறைபொருளைப் புரிந்து, விசுவாசத்தோடும் பக்தியோடும் ஆண்டவரின் உடலைப் பெற இயல்வதையே. வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காகப் பங்கில் உங்கள் பிள்ளையைத் தள்ளிவைக்க நினைத்தால், பணிவாக இந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டலாம்.

வீட்டார், பதிவேடு, மறு ஆய்வு

எச்-4 விசாவில் வந்து வேலைக்குப் போக அனுமதியின்றி வீட்டில் இருக்கும் தாய்மாரிடம், "நீ சும்மாதானே இருக்கிறாய்" என்ற கணக்கில் இந்தப் பொறுப்பு வந்து விழுவதுண்டு. கையில் நேரம் இருப்பது மட்டும் போதாது. பொறுமையும், கணவரின் பங்கும், வாரத்தில் சில மணி நேர ஓய்வும் வேண்டும். மாலையில் கணக்கோ வாசிப்போ ஒன்றைத் தந்தை ஏற்றுக்கொள்வது என்று தொடக்கத்திலேயே பேசி வையுங்கள். பங்கில் உள்ள வீட்டுக் கல்விக் குடும்பங்கள் வாரம் ஒரு நாள் கூடும் கோ-ஆப் இருந்தால் சேருங்கள். பிள்ளைக்குத் தோழர்களும் தாய்க்குப் பேச்சுத்துணையும் அங்கே கிடைக்கும்.

சட்டம் கேட்காத மாநிலத்தில் இருந்தாலும் மூன்றைச் சேமியுங்கள்: நடந்த நாட்களைக் குறித்த நாட்காட்டி, படித்த நூல்களின் பட்டியல், மாதத்துக்குச் சில வேலைத் தாள்கள். மாநிலம் மாறினாலோ பள்ளிக்குத் திரும்பினாலோ இவையே பேசும். இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தால், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் சேராமல் இருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வழி செய்கிறது. தனியார் பள்ளிகள் நுழைவில் என்ன கேட்கும் என்பதை அந்தந்தப் பள்ளியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பாருங்கள். வயிற்றுவலி நின்றதா, பிள்ளை தானாக எதையாவது கேட்கிறதா, தொடக்கத்தில் தெரியாத எழுத்தொலிகளில் எத்தனை இப்போது தெரியும், வீட்டில் கோபம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒழுங்காகக் கற்பித்தும் வாசிப்பு அசையவில்லை என்றால் சோதனையை மேலும் தள்ளிப்போடாதீர்கள். அச்சமும் அழுகையும் தொடர்ந்தால் குழந்தை உளவியலாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். செபம் செய்யும் வீட்டுக்கு அது குறைவல்ல. தாயின் உடல்நலமோ மனநலமோ தளர்ந்தால், உதவி வகுப்புள்ள நல்ல பள்ளிக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசுங்கள். திரும்புவதாக முடிவானால், சேமித்த தாள்களோடும் சோதனை அறிக்கையோடும் பள்ளியைச் சந்தித்து, பிள்ளைக்கு எந்த உதவி எந்த நாளிலிருந்து தொடங்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு அனுப்புங்கள்.